மிட்டாய்த் தராசில் மகள்

எங்கள் மகளின் முதல் மாதத்தைப் பற்றி என் கணவர் பேச ஆரம்பித்தால், விஷயங்கள் இந்த வரிசையில்தான் வரும்:

1. ஐப்பசி மழை பிடித்த வாரம் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள்.
2. எடை பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.
3. தாயும் பிள்ளையும் கழுகுமலைக்குப் போனார்கள். அவர் கோவில்பட்டியிலேயே இருந்தார்.
4. தினமும் சாயங்காலம் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.
5. ஒருநாள் தராசோடு போனார்.
6. பிள்ளை எடை குறைந்திருந்தது.
7. பிள்ளை எடை குறையவே இல்லை.

ஆறிலிருந்து ஏழுக்கு அவர் சிரித்துக்கொண்டே தாவிவிடுவார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். அந்த நாட்களில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்பதால், அவர் தாண்டிப் போகிற இடத்தை நான் எழுதுகிறேன்.

அவர் வீட்டில் கடலைமிட்டாய் தொழில். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. முன்னால் தெருவைப் பார்த்துச் சின்னக் கடை. பாகு காய்ச்சுவதை மாமனார் யாரிடமும் விடமாட்டார். வெட்டுவதும் பாக்கெட் போடுவதும் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதும் என் கணவர் பொறுப்பு. நான் நூற்பாலைப் பொறியியல் படித்துவிட்டு ஒரு மில்லின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நூலின் நம்பர், அதாவது பருமன், சரியாக இருக்கிறதா, எங்கே கனம் கூடுகிறது, எங்கே இழை அறுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அளவு தெரியாத எதையும் பற்றி இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டோம். அதனால்தான் எங்களுக்குப் பொருந்திப் போனது என்று நினைக்கிறேன்.

முதல் பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா என்னைக் கழுகுமலைக்குக் கூட்டிப் போய்விட்டாள். இந்த ஏற்பாட்டில் தாய்க்கு ஓய்வு, பிள்ளைக்குக் கவனிப்பு, பாட்டிக்குப் பெருமை எல்லாம் உண்டு. தகப்பனுக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் என் கணவர் முதலில் சொல்வது அந்த நாற்காலியைத்தான். கூடத்தில், டிவிக்கு எதிரே, கைப்பிடி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் வந்ததும் அம்மா அதைத் துடைத்துப் போடுவாள். காப்பி வரும், முறுக்கு வரும், கடைசியில் பிள்ளை வரும். துணியில் சுற்றி மடியில் வைத்துவிட்டு, தலை சாய்ந்துவிடுமோ என்று அம்மா பக்கத்திலேயே நிற்பாள். பிள்ளை முனகினால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"எம் பிள்ளையப் பாக்க நான் விருந்தாளியா வந்துட்டுப் போறேன்" என்று போனில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

ஆனாலும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. தீபாவளிச் சரக்கு போகிற நேரம் அது. பிள்ளை பிறந்த தீட்டால் எங்களுக்குத் தீபாவளி இல்லை, மிட்டாய்க்கு உண்டு. மத்தியானத்துக்குள் பாக்கெட் வேலையை முடித்து லாரி செட்டில் ஏற்றிவிட்டுக் கிளம்புவார். மழையில் ரோட்டோரம் இறங்கிவிட்டால் கரிசல் மண் பைக் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே விடாது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு வந்து வாசலில் நிற்பார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டாள்: "சித்தி, ஒங்க மாப்பிள்ளைக்கு ஒரு மாச பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துருங்களேன். பாவம், தெனமும் மண்ணு சொமந்துட்டு வருதாவ."

ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா அவரிடம் ஒன்று சொல்லியிருந்தார். பிறந்த பிள்ளை முதல் சில நாள் கொஞ்சம் எடை குறையும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் கொண்டுவந்து காட்டுங்கள். வேறு யாராவது என்றால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இவர் வியாபாரி. இன்ன தேதிக்குள் இவ்வளவு எடை என்றால் அவருக்கு அது ஆர்டர்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் பைக்கின் முன்னால் ஏதோ ஒன்றைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் மேலெல்லாம் ஈரம். அந்த மூட்டை மட்டும் நனையவில்லை.

"என்ன மாப்பிள்ள இது?" என்றாள் அம்மா.

"தராசு அத்தை. பாக்கெட் போடுதது. பிள்ளைய ஒரு எடை பாத்துருவோம்னு."

அம்மா முகம் மாறியது. மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசமாட்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஏட்டி, பச்சப்பிள்ளைய யாராவது நிறுப்பாவளா? கண்ணு பட்டுருமே."

முறுக்குச் சுற்ற உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது போதும். "மிட்டாய் யாவாரி மக இல்லா, நிறுக்காம எப்படி? கிலோ என்ன வெலைன்னு சொல்லுங்க, நாங்களும் ஒரு அரைக்கிலோ வாங்கிக்கிடுதோம்."

"இது விக்கதுக்கு இல்லக்கா" என்றார் அவர், தராசைத் தரையில் மட்டம் பார்த்து வைத்துக்கொண்டே.

மேலே துண்டை மடித்துப் போட்டு, காட்டுகிற எண்ணைப் பூஜ்யமாக்கி, பிள்ளையைக் கிடத்தினார். அவள் கையைக் காலை உதறினாள். எண் ஓடி, நின்றது. அவர் குனிந்து பார்த்தார். பிள்ளையைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது தடவையும் வைத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறந்த எடையை மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நாளின் எடையைக்கூட அவள் தொடவில்லை.

அன்றைக்கு முறுக்கைத் தொடாமல் போனார்.

அதிலிருந்து தராசு தினமும் வந்தது. பகலில் பட்டறையில் மிட்டாய், சாயங்காலம் கழுகுமலையில் மகள். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் செய்தது. ஆனால் சீட்டில் இருந்த எண்ணுக்குக் கீழேயே ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோருடைய பார்வையும் என் மேல் திரும்பியது. பால் ஊறுவதற்கு என்று பூண்டு வந்தது. முருங்கைக்கீரை வந்தது. தூத்துக்குடியிலிருந்து வருகிற மீன்காரரிடம் சொல்லிவைத்துப் பால்சுறா வாங்கி, புட்டு அவித்து, அம்மா தட்டோடு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். "தின்னுட்டி. ஒனக்கில்ல, அவளுக்கு."

நான் என்னளவில் கணக்குப் பார்த்தேன். நன்றாகக் குடிக்கிறாள். குடித்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாள். துணி நனைவதில் குறைவில்லை. அழுகையில் சத்து இருக்கிறது. தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழையபடி ஆகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எண். ஐந்து விஷயம் ஒரு பக்கமும் எண் ஒரு பக்கமும் நின்றால் எண்ணை நம்பச் சொல்லித்தான் எனக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்திருக்கிறது.

தராசைச் சந்தேகப்பட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. கடைக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒருவர் கடைக்கு வந்து, போன தடவை வாங்கிய பாக்கெட் எடை குறைவு மாதிரி இருந்தது என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மாமனார் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதே மாதிரி ஒரு பாக்கெட்டை எடுத்து, எதிரே இருந்த பலசரக்குக் கடைத் தராசில் அவரையே வைத்துப் பார்க்கச் சொன்னார். கூடுதலாகவே இருந்தது. அந்தப் பாக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்து, "காசு வேண்டாம் அண்ணாச்சி. இனிமே வேற கடையில வாங்கிக்கோங்க" என்றார். அன்று ராத்திரி மாமனார் சாப்பிடவில்லை. அந்த வீட்டு மருமகள் அந்த வீட்டுத் தராசைப் பார்த்து, இது சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? ஆய்வகத்தில் காலையில் முதல் வேலையாகப் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டுத்தான் நூலைத் தொடுவேன். இங்கே அது எனக்குத் தோன்றவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தோன்றியது, வாய்க்கு வரவில்லை.

அவர் ஒருநாள் பவுடர் பால் டப்பா ஒன்றை வாங்கிவந்தார். அம்மா அடுப்படியில் இருந்தபோது அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும். ஒருவேள தேவைப்பட்டா."

"எம் பால் போதலன்னு சொல்லுதீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுதீங்க?"

அவர் டப்பாவின் மூடியைத் தடவினார். "நீ அவ கூடவே இருக்க. ஒனக்கு அவ மொகம் தெரியும், அழுகை தெரியும். எனக்கு என்ன தெரியும்? நாற்காலில கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன். எனக்குத் தெரிஞ்சது அந்த எடை ஒண்ணுதான். அதுவும் கொறஞ்சா நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு அழுகை வந்தது. பால் கொடுக்கும்போது அழக் கூடாது என்பாள் அம்மா. அதனால் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு அழுதேன். அவர் அவளை வாங்கிக்கொண்டு நின்றார். தலை பிடிக்க யாரும் பக்கத்தில் நிற்காமல் அவர் அவளை வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. டப்பாவை இரண்டு பேரும் திறக்கவில்லை. ஆனால் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் எனக்கு எதிரே இருந்தது.

டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிந்தது. எடை பிறந்த எடையைத் தொடவில்லை. மறுநாள் அவர் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. பாகு அடுப்பில் இருக்கும்போதே ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளையைத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

முப்பது நாள் கழியாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடுவதில்லை எங்கள் பக்கம். அதுவும் உச்சி வெயில் நேரம், வழியில் ஓடையும் சுடுகாடும் வேறு. அம்மா நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"அத்தை" என்றார் அவர். நாற்காலியில் உட்காரவில்லை. "நீங்க சொன்ன எல்லாத்தையும் நான் கேட்டுருக்கேன். இன்னைக்கு ஒருநாள் நான் சொல்லுததக் கேளுங்க."

அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் வசம்பு வளையல், வேப்பிலைக் கொத்து, பீரோச் சாவி எல்லாம் இருந்தன. பிள்ளையின் கன்னத்தில் மையைப் பெரிதாக அப்பினாள். காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க இரும்புச் சாவியைத் துணி மடிப்பில் செருகினாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். "பொறப்படுங்க. சும்மா நிக்கீங்க" என்றாள்.

வழி நெடுக மக்காச்சோளமும் பருத்தியும் மழைத் தண்ணீரில் நின்றன. பிள்ளை ஆட்டோ குலுக்கலில் நன்றாகத் தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாவியையும் வேப்பிலையையும் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தராசில் போட்டார். "நல்லாத்தான கூடியிருக்கா" என்றபடி எண்ணைச் சொன்னார்.

பிறந்த எடையைத் தாண்டியிருந்தது.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். என் கணவர் மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வியாபாரத்தில் யாரோ எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் வருகிற முகம் அது.

"சிஸ்டர், ஒங்க தராசு கூடக் காட்டுது" என்றார்.

"என்ன சார்?"

"நேத்து சாயங்காலம்தான் நிறுத்தேன். எங்க தராசு தப்பாது."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கணவர் வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கடையிலிருந்து ஒரு கிலோ தூள் உப்பு பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, கேட்காமலே தராசில் வைத்தார். ஒரு கிலோ காட்டியது. எடுத்துத் திருப்பி வைத்தார். ஒரு கிலோதான். அந்தச் சமயம் டாக்டர் அம்மா உள்ளேயிருந்து வந்து, பிள்ளையைத் தராசில் வைக்கும் இடத்தில் உப்பு இருப்பதையும், அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பதையும் பார்த்தார்.

"இது யாரு பிள்ளை?" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. உப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று தலையில் கைவைத்துக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்பா" என்றார். "அப்பா திருகி வச்ச தராசு அது."

எலெக்ட்ரானிக் தராசு வாங்கியபோது, ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு, பாக்கெட் போடுகிற தராசை மட்டும் கொஞ்சம் குறைவாகக் காட்டும்படி மாமனார் மாற்றி வைத்திருக்கிறார். அதில் ஒரு கிலோ என்று காட்ட வேண்டுமானால், கிலோவுக்கு மேல் இரண்டு மிட்டாய் கூட வைக்க வேண்டும். எந்தப் பாக்கெட்டும் எவன் வீட்டுத் தராசிலும் குறைந்துவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். என் கணவர் அந்தத் தராசில் மிட்டாய் நிறுத்தே வளர்ந்தவர். கூட வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அது மிட்டாயைப் பற்றிய சங்கதியாக அவர் மனதில் இருந்தது. பிள்ளையை வைத்தபோது ஞாபகம் வரவில்லை. மூன்று கிலோவை ஒட்டிய என் மகள் ஆறு மிட்டாய் குறைவாக நின்றிருக்கிறாள்.

டாக்டர் அம்மா பிள்ளையை முழுதாகப் பார்த்துவிட்டு, பால் நன்றாகப் போதுகிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. என் கணவரிடம், "தினமும் நிறுக்காதீங்க. பிள்ளை வளந்துருவா, நீங்க மெலிஞ்சிருவீங்க" என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோவைப் பட்டறை வாசலில் நிறுத்தச் சொன்னார் என் கணவர். பிள்ளையை மாமனார் ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. பாகுக் கரண்டியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். என் கணவர் நடந்ததைச் சொல்லி, உப்புப் பாக்கெட்டையும் அந்தத் தராசில் வைத்துக் காட்டினார். அது ஒரு கிலோவைத் தொடவில்லை.

மாமனார் எண்ணைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"தராசு சரியாத்தான்டே இருக்கு" என்றார். "பிள்ளதான் கூட இருக்கு."

அம்மா ஆட்டோவுக்குள் இருந்தபடியே முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். கடையில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்து பிள்ளையை வாங்கி ஆளுக்குக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். கண் படும் என்று அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை. என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாகுப் புகை என்றார். அடுப்பு உள்ளே இருந்தது.

பொழுது சாய்ந்துதான் அங்கிருந்து கிளம்பினோம். கழுகுமலை வரைக்கும் பிள்ளையை அவர்தான் மடியில் வைத்திருந்தார். அம்மா கை நீட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக அறைக்குள் வந்து, கட்டில் ஓரத்தில் இருந்த டப்பாவை எடுத்துப் பையில் போட்டார். அம்மா தோசை ஊற்றப் போனாள். "இருட்டிட்டு, மழையும் வருது. இங்கனயே படுத்துக்கோங்க மாப்பிள்ள" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். பிள்ளை பிறந்த பிறகு அவர் அந்த வீட்டில் தங்கியது அன்றுதான். நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது மகளுக்கு நடை வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள். வயதுக்கு ஏற்ற எடை இருக்கிறது. நான் மில்லில் பகல் ஷிப்டுக்குத் திரும்பிவிட்டேன். காலையில் நான் கிளம்பியதிலிருந்து வரும் வரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பட்டறைக்குள் மட்டும் விடுவதில்லை. சாயங்காலம் வந்ததும் பால் குடிக்க என்னிடம் வருகிறாள். குடித்துவிட்டு அவரிடம் போய்விடுகிறாள்.